வினைமுதல் இல்லாத வாக்கியம்

‘பெர்மிஷன் டினைட்’ என்ற வரியை என் வேலைக் காலத்தில் எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ, கணக்கில்லை. பார்த்திருக்கிறேனே ஒழியப் படித்ததில்லை. டெர்மினலில் அது வந்தால் விரல் தானாக மேல் அம்புக்குறிக்குப் போகும், முன்னால் ‘சூடோ’ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்ற சொல்) சேரும், என்டர் விழும். அதற்கும் மசியவில்லை என்றால் ‘சிஹெச்மாட் 777’, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும். இதற்கு மேல் அந்த வரியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. நிதானமாகப் பார்த்தால் அது ஒரு விசித்திரமான வாக்கியம். அனுமதி மறுக்கப்பட்டது. சரி, மறுத்தது யார்? சொல்லாது. கேட்டது யார்? அதையும் சொல்லாது. இலக்கணத்தில் வினைமுதல் என்பார்களே, செயலைச் செய்தவர், அந்த ஆளை ஒளித்துவைத்துவிட்டு முடிவை மட்டும் கையில் கொடுக்கிற வரி அது.

பைத்தான் வெப் அப்ளிகேஷனைப் பாதுகாப்பு இறுக்கப்பட்ட லினக்ஸ் சர்வரில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இதற்குள் புரிந்திருக்கும். எஸ்இலினக்ஸ் என்பது லினக்ஸின் மையமான கர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் காவல். ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஃபைலுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று பாலிசி என்ற விதிப் புத்தகத்தைப் பார்த்து முடிவுசெய்யும். ‘எஸ்இலினக்ஸை அணைத்துவிடு, ஓடும்’ என்பது ஒரு கட்சி. ‘அணைக்கிறவன் சோம்பேறி’ என்பது எதிர்க்கட்சி. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். முதலில் அணைத்தேன். பிறகு, நாலு விஷயம் கற்றுக்கொண்ட மிதப்பில், அணைத்தவர்களைத் திட்டினேன். இப்போது இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று எனக்கே பிடிபட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது

அது ஒரு வாடிக்கையாளரின் சர்வர். ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ். அவர்களுடைய பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இறுக்கிவைத்திருந்தது: எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் (மீறினால் தடுக்கும் நிலை), டெம்ப் டைரக்டரிகள் எல்லாம் நோஎக்ஸெக் (அங்கிருந்து எதையும் இயக்க முடியாது), யூமாஸ்க் 077 (புதிதாக உருவாகும் ஃபைல் உருவாக்கியவருக்கு மட்டும்). நாங்கள் ஏற்ற வேண்டியது வழக்கமான அடுக்கு: பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ, அதை ஓட்ட குனிகார்ன், முன்னால் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். என் லேப்டாப்பிலும் எங்கள் சோதனை சர்வரிலும் நூறு தடவை ஓடிய அதே ஸ்கிரிப்ட். ஒரு மணி நேர வேலை என்று சொல்லியிருந்தேன்.

‘டெப்ளாய்’ என்று ஒரு யூசர், அவருடைய ஹோம் டைரக்டரியில் கோடு, அதற்குள்ளேயே வென்வ் (இந்த அப்ளிகேஷனுக்கென்று தனிப் பைத்தான் ஃபோல்டர்), சர்வீஸ்களை எழுப்பிவிடும் சிஸ்டம்டிக்கு ஒரு யூனிட் ஃபைல். ஸ்டார்ட் கொடுத்தால் உடனே விழுந்தது. ஸ்டேட்டஸ் 203/எக்ஸெக் (ஃபைலை இயக்க முடியவில்லை), பக்கத்தில் நம் பழைய நண்பர் பெர்மிஷன் டினைட். அனுமதிகளைக் காட்டும் ‘எல்எஸ் -எல்’ போட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. குனிகார்ன் ஃபைலுக்கு 755 (எல்லாரும் இயக்கலாம்), உரிமையாளர் டெப்ளாய், யூனிட்டில் எழுதிய யூசரும் டெப்ளாய். சந்தேகத்துக்கு அதே யூசராக மாறி, யூனிட்டில் இருந்த அதே கமாண்டை அப்படியே எடுத்துக் கையால் ஓட்டினேன். ஓடியது! வொர்க்கர்கள் எழுந்து வரிசையாக நின்றன. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிட்டு, மறுபடி சிஸ்டம்டி வழியாக. விழுந்தது. அதே யூசர், அதே ஃபைல், அதே கமாண்ட். நான் கூப்பிட்டால் வருகிறது, சிஸ்டம்டி கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. பேய் பிடித்த மாதிரிதான்.

ஹோம் டைரக்டரிதான் பிரச்சினை என்று எங்கோ அரைகுறையாகப் படித்த ஞாபகம். முழு ஃபோல்டரையும் ‘எம்வி’ போட்டு ஆப்ட் டைரக்டரிக்கு நகர்த்தினேன். யூனிட்டிலும் வென்வ் ஸ்கிரிப்ட்களின் முதல் வரியிலும் பாதையை மாற்றினேன். அதே 203. 777 போட்டேன். அதே 203. அந்த நேரத்தில் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் பதில் எது என்று உங்களுக்கே தெரியும். ‘செட்என்ஃபோர்ஸ் 0’, எஸ்இலினக்ஸைப் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றும் கமாண்ட். அடித்தேன். எல்லாம் எழுந்து நின்றது. லாகின் பக்கம் வந்தது, படங்கள் ஏறின, எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஒப்படைப்புக் குறிப்பில் ‘எஸ்இலினக்ஸ் தற்காலிகமாகப் பெர்மிசிவில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதினேன். தற்காலிகம் என்ற சொல்லுக்குக் கணினித் துறையில் என்ன ஆயுள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெர்மிசிவ் என்பது அணைப்பது அல்ல என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. அந்த நிலையில் கர்னல் எதையும் தடுக்காது, ஆனால் எதையெல்லாம் தடுத்திருப்பேன் என்று எழுதிவைக்கும். எங்கள் அப்ளிகேஷனின் மீறல்கள் ஆடிட் லாக் என்ற பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. அந்த லாகின் இயல்பான அமைப்பு 8 எம்பி வீதம் ஐந்து ஃபைல்கள். நிறைந்தால் பழையது போய்ப் புதியது வரும். எழுதி, நிரம்பி, அழிந்து, மறுபடி எழுதி. ஒருவரும் திறக்காத நாட்குறிப்பு.

அவர் கேட்ட கேள்வி

எட்டு மாதம் கழித்துக் கர்னல் பேட்ச் போட்டு சர்வரை ரீபூட் செய்தார்கள். செட்என்ஃபோர்ஸ் ரீபூட்டைத் தாண்டாது. கான்ஃபிக் ஃபைலில் நான் கைவைக்கவில்லை, அங்கே என்ஃபோர்சிங் என்றுதான் இருந்தது. சர்வர் எழுந்தது, பாலிசியும் கூடவே எழுந்தது, எங்கள் அப்ளிகேஷன் மட்டும் எழவில்லை. காலையில் ஃபோன். அந்தப் பக்கம் அவர்களுடைய சர்வர் நிர்வாகி, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

“எதுக்குத் தம்பி பெர்மிசிவ்ல வெச்சிருந்தீங்க?”

“பெர்மிஷன் டினைட் வந்துச்சு சார்.”

“யாருக்கு வந்துச்சு?”

“டெப்ளாய் யூசருக்கு.”

“அவர் கேக்கவே இல்லையே. கேட்டது யாருன்னு பாத்தீங்களா?”

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. யார் மறுத்தது என்று வேண்டுமானால் நான் யோசித்திருப்பேன். ‘எஸ்இலினக்ஸ்தான், அந்த நந்தி’ என்று பதிலும் தயாராக இருந்தது. கேட்டது யார் என்று ஒரு கேள்வி இருக்க முடியும் என்பதே தோன்றியதில்லை. அவர் என்னை, ஆடிட் லாகில் தேடும் ‘ஏயூசர்ச்’ கமாண்டை ஏவிசி (எஸ்இலினக்ஸின் மறுப்புக் குறிப்பு) வகைக்கு ஓட்டச் சொன்னார். கடைசி வரியை எடுத்துக்கொண்டு, “வாய்விட்டுப் படிங்க, ஆனா தமிழ்ல படிங்க” என்றார். சின்னப் பிள்ளை மாதிரி படித்தேன்.

டினைட், அடைப்புக்குள் எக்ஸிக்யூட். அதாவது வினை: இயக்குவது. ‘காம்’ என்ற இடத்தில் குனிகார்ன். ஆனால் அதுவும் பிறை அடைப்புக்குறிக்குள். “ஏன் அடைப்புக்குறி?” என்றார். தெரியவில்லை. “அது இன்னும் குனிகார்ன் ஆகல தம்பி. சிஸ்டம்டி ஒரு பிள்ளையைப் பெத்து, நீ இனிமே குனிகார்ன்னு பேர் வெச்சு அனுப்புது. அந்தப் பிள்ளை குனிகார்னா மாறப் போற நொடியில தடுத்திருக்காங்க. இப்ப எஸ்கான்டெக்ஸ்ட் படிங்க.” கேட்டவரின் லேபிள் அது. அதில் மூன்றாவது துண்டு இனிட்_டி, சிஸ்டம்டியின் லேபிள். “டிகான்டெக்ஸ்ட்?” கேட்கப்பட்ட பொருளின் லேபிள், யூசர்_ஹோம்_டி. “சேத்துச் சொல்லுங்க.”

இனிட்_டி என்பவர், யூசர்_ஹோம்_டி என்கிற பொருளை, இயக்கக் கேட்டார். மறுக்கப்பட்டது.

அந்த ஒரு வாக்கியத்தில் அந்த இரவின் பேய் இறங்கிவிட்டது. நான் கையால் ஓட்டியபோது கேட்டது நான். லாகின் செய்த மனிதர் என்பதால் என் புராசஸுக்கு லேபிள் அன்கன்ஃபைண்ட்_டி, கட்டுப்பாடற்றது. வீட்டுக்காரர் தன் வீட்டுப் பொருளை எடுப்பதை யார் கேட்கப்போகிறார்கள்? சிஸ்டம்டி ஓட்டியபோது யூசர் பெயர் டெப்ளாய் என்றே இருந்தாலும், கேட்டது இனிட்_டி. சர்வர் பூட் ஆகும்போதே உயிர்பெறுகிற ஒரு புராசஸ், யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய் அங்கே கிடக்கும் ஒன்றை எடுத்து இயக்குகிறது. இப்படிச் சொல்லிப் பார்த்தால் நானே மறுத்திருப்பேன். நான் ‘யூசர், ஃபைல், 755’ என்ற மொழியில் பேசிக்கொண்டிருந்தேன். கர்னல் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ‘சரி’ சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. பழைய ஆர்-டபிள்யூ-எக்ஸ் சோதனை முதலில், எஸ்இலினக்ஸ் அதற்குப் பிறகு. முதல் சோதனையிலேயே விழுந்தால் ஏவிசி வரியே வராது. ஏவிசி வந்திருக்கிறது என்பதற்கே ‘உன் 755-இல் குறையில்லை’ என்று பொருள். எட்டு மாதத்துக்கு முன்னால் நான் போட்ட 777, ஏற்கெனவே திறந்திருந்த கதவைக் கழற்றி வைத்த கதைதான்.

“சரி சார், ஆனா இப்ப அது ஆப்ட்ல இருக்கே, எப்படி ஹோம்னு காட்டுது?”

“மூவ் பண்ணீங்கல்ல?”

அவ்வளவுதான் சொன்னார். ‘எம்வி’ லேபிளையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். நகலெடுக்கும் ‘சிபி’ போட்டிருந்தால் புதிதாகப் பிறந்த ஃபைல், போன இடத்தின் லேபிளை வாங்கியிருக்கும். குடிமாறும்போது பழைய வீட்டின் கதவு எண்ணையும் பெயர்த்துக்கொண்டு வந்து புது வீட்டில் மாட்டின கதை. இடத்துக்கேற்ற லேபிளைத் திரும்ப ஒட்டும் ‘ரீஸ்டோர்கான்’ ஓட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின, ஒவ்வொன்றிலும் ‘இதிலிருந்து இதற்கு’. பின் டைரக்டரியில் இருந்தவை பின்_டி ஆயின, லிப்பில் இருந்தவை லிப்_டி ஆயின. ஆப்ட் டைரக்டரிக்குள் எங்கே பின், லிப் இருந்தாலும் என்ன லேபிள் என்று பாலிசியில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள். நான் ஒரு விதிகூட எழுதவில்லை. சர்வீஸ் எழுந்தது.

எழுந்தது, ஆனால் பிரவுசரில் 502, பின்னால் இருப்பவரிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை. என்ஜின்எக்ஸ் லாகில், குனிகார்னோடு பேசும் வாசலான சாக்கெட்டைத் தொட முடியவில்லை என்று 13-ஆம் எண் பிழை, அதே பெர்மிஷன் டினைட். இப்போது அவர் சொல்லாமலே ஏயூசர்ச் போட்டுப் படித்தேன். ஹெச்டிடிபிடி_டி (என்ஜின்எக்ஸின் லேபிள்) என்பவர், யூஎஸ்ஆர்_டி என்ற லேபிள் கொண்ட சாக்கெட் ஃபைலில், எழுதக் கேட்டார். சாக்கெட்டை நான் கோடு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே உருவாக்கியிருந்தேன். அது இருக்க வேண்டிய இடம் ரன் டைரக்டரி, லேபிள் ஹெச்டிடிபிடி_வார்_ரன்_டி. ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ வைத்து நிரந்தரமாகச் சொன்னோம். (‘சிஹெச்கான்’ போட்டாலும் மாறும். ஆனால் அடுத்த ரீஸ்டோர்கானில் அழிந்துவிடும், பென்சிலில் எழுதின மாதிரி.) மறுபடி 502. இந்த முறை வினை ‘கனெக்ட்-டூ’, மறுமுனையில் இருந்த குனிகார்னின் லேபிள் அன்கன்ஃபைண்ட்_சர்வீஸ்_டி.

இங்கேதான் அவரும் நானும் உரசிக்கொண்டோம். அந்த ஒரு இணைப்பை மட்டும் அனுமதிக்க, பாலிசியில் சேர்க்கும் ஒரு சின்ன மாட்யூல் எழுதினால் வேலை முடிந்தது. ‘ஆடிட்2அலவ்’ அதை நொடியில் எழுதிக் கொடுக்கும். நான் அதைத்தான் சொன்னேன். அவர், “அந்தப் பேரைப் படிங்க” என்றார். அன்கன்ஃபைண்ட் சர்வீஸ். கட்டுப்பாடற்ற சேவை. என் அப்ளிகேஷன் ஓடுகிறது, எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங்கில் இருக்கிறது, ‘கெட்என்ஃபோர்ஸ்’ கேட்டால் பெருமையாக அப்படித்தான் சொல்லும். ஆனால் இணையத்திலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் வாங்கிப் பார்ஸ் செய்கிற பைத்தான் புராசஸுக்கு மட்டும் எந்த வேலியும் இல்லை. வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸுக்கு ஆயிரம் கட்டுப்பாடு, உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றுமில்லை. “இதுக்கு நீங்க செட்என்ஃபோர்ஸ் 0-லயே இருந்திருக்கலாமே” என்றார். சுருக்கென்றது.

குனிகார்ன் ஃபைலுக்கு ஹெச்டிடிபிடி_எக்ஸெக்_டி லேபிள் கொடுத்தோம். சிஸ்டம்டி அதை இயக்கும்போது புராசஸ் ஹெச்டிடிபிடி_டி ஆகிவிடும், என்ஜின்எக்ஸ் இருக்கும் அதே வேலிக்குள். கனெக்ட்-டூ பிரச்சினை தானாகவே தீர்ந்தது. அதற்குப் பதிலாக இருபது நிமிடத்துக்கு வேறு மறுப்புகள் வந்துகொண்டே இருந்தன. போஸ்ட்கிரெஸுக்குப் போக முடியவில்லை. ‘ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி’ என்ற பூலியனை (பாலிசியில் இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்ச்) ஆன் செய்தோம். படம் ஏற்ற முடியவில்லை. மீடியா ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் லேபிள் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இது உங்க அப்ளிகேஷன் கேக்க வேண்டியதுதானா?” என் அப்ளிகேஷன் என்னவெல்லாம் கேட்கும் என்று அதை எழுதிய எனக்கு அன்றுவரை ஒரு பட்டியல் தெரியாது.

மறுப்பவர் ஒருவரல்ல

அதன் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மறுப்பு எங்கே வந்தாலும் ஆளைத் தேடுவது. இறுக்கப்பட்ட சர்வரில் மறுப்பதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும், அத்தனை பேரும் பைத்தானின் வாய் வழியாகப் பேசும்போது செய்தி எப்படித் திரிகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

என்னை அதிகம் சுற்றவிட்டது யூமாஸ்க். வென்வ் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரே ஒரு பேக்கேஜை சூடோ போட்டு, பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் மூலம் சேர்த்தேன். அப்ளிகேஷன் விழுந்தது. பிழையில் பெர்மிஷன் என்ற சொல்லே இல்லை. ‘இம்போர்ட் எரர்: இந்தப் பெயரை இந்தப் பேக்கேஜிலிருந்து எடுக்க முடியவில்லை, இருப்பிடம் தெரியவில்லை.’ பேக்கேஜ் இருக்கிறது என்கிறது, அதில் ஒன்றுமில்லை என்கிறது. வெர்ஷன் மாறிவிட்டதோ என்று ஒரு மதியம் முழுக்க பிப்போடு மல்லுக்கட்டினேன். நடந்தது இதுதான்: யூமாஸ்க் 077 என்பதால் அந்தப் பேக்கேஜின் ஃபோல்டர் ரூட்டுக்கு மட்டும் 700-ஆக உருவாகியிருந்தது. சர்வீஸ் யூசருக்கு அந்த ஃபோல்டரின் பெயர் தெரிகிறது, உள்ளே நுழைய முடியவில்லை. பேக்கேஜின் தொடக்க ஃபைலான இனிட் இருக்கிறதா என்று பைத்தான் தட்டிப் பார்க்கிறது, பதிலில்லை. பதிலில்லை என்றால் ஃபைல் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. இனிட் இல்லாத ஃபோல்டரை நேம்ஸ்பேஸ் பேக்கேஜ் என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பைத்தான் 3.3 முதல் உண்டு. ஆக, பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு ‘காலி அறை’ என்று அறிக்கை கொடுத்துவிட்டது. மறுப்பு நடந்தது, ஆனால் வழியில் எங்கேயோ அது ‘இல்லை’ என்று மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. அந்த ‘இருப்பிடம் தெரியவில்லை’ என்ற தொடரை இப்போது எங்கே பார்த்தாலும் முதலில் ஃபோல்டரின் அனுமதியைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று அதைவிட அழகு. கொஞ்சம் பழைய சர்வர் ஒன்றில், சி நூலகங்களைக் கூப்பிட உதவும் சிடைப்ஸை இம்போர்ட் செய்த நொடியில் ‘மெமரி எரர்’. 16 ஜிபியில் முக்கால்வாசி சும்மா கிடக்கிறது. நினைவகம் போதவில்லை என்று ஒரு புராசஸ் அழுதால் யாராவது பாதுகாப்பை நினைப்பார்களா? சிடைப்ஸுக்குக் கீழே இருக்கும் லிப்எஃப்எஃப்ஐ, கால்பேக்குகளுக்காக ஓடும் நேரத்திலேயே துளி மெஷின் கோடு எழுதும். எழுதவும் வேண்டும், இயக்கவும் வேண்டும்; அப்படிப்பட்ட நினைவகத்தை எஸ்இலினக்ஸ் தரவில்லை. சரி என்று அது ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி அதை இயக்கத்தக்கதாக மேப் செய்யப் பார்த்தது. டெம்ப், வார்-டெம்ப், ஷேர்டு மெமரி என்று ஒவ்வொரு வாசலாகப் போனது. மூன்றும் நோஎக்ஸெக். எல்லா வாசலிலும் துரத்தப்பட்டு வெறுங்கையோடு திரும்பியதும், பைத்தான் அதற்குக் கொடுத்த பெயர் மெமரி எரர். பொய்யில்லை. கேட்ட மாதிரியான நினைவகம் கிடைக்கவில்லைதான்.

மற்றதெல்லாம் இவ்வளவு சுற்றாது. பிரைவேட் டெம்ப் (சர்வீஸுக்கென்று தனி டெம்ப்) போட்ட யூனிட்டில் சாக்கெட்டை டெம்ப்பில் வைத்தால் என்ஜின்எக்ஸுக்கு அது கண்ணிலேயே படாது. அங்கே பிழை 13 அல்ல, ‘அப்படியொரு ஃபைல் இல்லை’. நம்பிக்கையான ஃபைல்களை மட்டும் இயக்கவிடும் எஃப்ஏபாலிசிடி ஓடும் சர்வரில், பிப் இறக்கிய எஸ்ஓ (பகிர்வு நூலக) ஃபைல்கள் ஆர்பிஎம்மின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்று தடுக்கப்படும். அங்கே சொற்றொடர் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’, எண் 1. பதின்மூன்றையும் ஒன்றையும் நான் வருடக்கணக்கில் ஒரே பிழையின் இரண்டு பெயர்கள் என்றே நினைத்திருந்தேன். எஸ்இலினக்ஸின் மறுப்பு பெரும்பாலும் 13. நோஎக்ஸெக் பார்ட்டிஷனில் இருக்கும் எஸ்ஓ ஃபைலை லோடு செய்தால் 1. இந்த எண்ணை மட்டும் கவனித்திருந்தாலே பாதி இரவுகள் மிஞ்சியிருக்கும்.

எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் குறியாக்கத் தரம்) முறையில் ஓடும் சர்வரில், வலுவற்றதென்று விலக்கப்பட்ட எம்டி5 ஹாஷ் கேட்டால் வேல்யூ எரர் வரும். நீங்கள் கேட்பது கேஷ் சாவிக்காக மட்டுமாக இருக்கலாம், கடவுச்சொல்லுக்காக அல்ல. பைத்தான் 3.9 இதற்கு ஒரு ஆர்க்யுமென்ட் சேர்த்தது: ‘யூஸ்ட்ஃபார்செக்யூரிட்டி’ சமம் ஃபால்ஸ். பாதுகாப்புக்காகக் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வழிவிடுகிறது. எதற்காகக் கேட்கிறாய் என்பதைச் சொல்ல ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ‘ஓப்பன்’ என்று ஒரு ஃபைலைத் திறக்கும்போது நமக்கு அந்த வசதி இல்லை.

சோம்பேறி என்று யாரைச் சொல்வது

எஸ்இலினக்ஸ் 2000 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து வெளியே வந்தது, 2003-இல் 2.6 கர்னலுக்குள் போனது. 2005-இல் ரெட் ஹேட்டின் நான்காம் பதிப்பில் இயல்பாகவே ஆன் செய்யப்பட்டு வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் ஜாங்கோவை ஏற்றுவது எப்படி என்று எழுதப்படும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஹோம் டைரக்டரியில்தான் ஆரம்பிக்கின்றன. ஹோம் டைரக்டரியில் வென்வ், அங்கேயே சாக்கெட், அங்கேயே மீடியா. படித்துவிட்டு அதன்படி செய்கிறவன் 203-இல் முட்டுகிறான், தேடுகிறான், செட்என்ஃபோர்ஸ் 0 கிடைக்கிறது. இவனையா சோம்பேறி என்பது? நான் அன்றிரவு மூன்று மணி நேரம் போராடினேன். குறைந்தது உழைப்பு அல்ல. என் முன்னால் இருந்த செய்தியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. காரணம் வேறொரு லாகில், ரூட்டுக்கு மட்டும் தெரியும் இடத்தில் இருக்கிறது. அதற்கும் நியாயம் உண்டு: கைப்பற்றப்பட்ட ஒரு புராசஸிடம் ‘உன்னை இன்ன விதி தடுக்கிறது’ என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நியாயம் இருக்கட்டும், நடுராத்திரியில் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த லாக் எங்கே என்று யாராவது ஒருவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் கைகாட்டும் ஆடிட்2அலவ் மேலும் எனக்கு மரியாதை குறைவுதான். லாகை அதன் வாயில் ஊற்றினால், மறுக்கப்பட்ட எல்லாவற்றையும் அனுமதிக்கும் மாட்யூல் ஒன்றைத் துப்பும். என் முதல் ஏவிசி வரியை அதற்குக் கொடுத்திருந்தால் என்ன விதி கிடைத்திருக்கும்? இனிட்_டி, யூசர்_ஹோம்_டி ஃபைல்களை இயக்கலாம் என்பது. என் குனிகார்னை மட்டுமல்ல, அந்த சர்வரில் யாருடைய வீட்டில் எது கிடந்தாலும். தவறு ஒரு ஃபைலின் லேபிளில். திருத்தமோ சட்டப் புத்தகத்தில். லாகைப் படிக்காமல் அதை ஓட்டுவது, தவணை முறையில் செட்என்ஃபோர்ஸ் 0 போடுவதுதான். கெட்என்ஃபோர்ஸில் மட்டும் பார்வைக்கு என்ஃபோர்சிங் என்று இருக்கும்.

அதற்காகப் பாலிசி ஏதோ வேதம் என்றும் சொல்லமாட்டேன். சாக்கெட் வேண்டாம், டிசிபி போர்ட்டில் பேசவைக்கலாம் என்று ஒருமுறை பட்டியலைப் பார்த்தேன். குனிகார்ன் இயல்பாகக் கேட்கும் போர்ட் 8000. பாலிசியில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் லேபிள் சவுண்ட்டி_போர்ட்_டி. ஏதோ ஒரு காலத்து ஒலி சர்வருக்காக ஒதுக்கியது, இன்னும் அப்படியே இருக்கிறது. உலகம் முழுக்க பைத்தான்காரர்கள் 8000-இல் வெப் அப்ளிகேஷன் ஓட்டுகிறார்கள். சட்டப் புத்தகமோ அங்கே யாரோ பாட்டு வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஒரு வரி

அந்தக் காலையில் எல்லாம் முடிந்து தளம் எழுந்த பிறகு, நிர்வாகி ஃபோனை வைக்கும் முன் ஒன்று சொன்னார்: “ஒரு நாள் ஓடவிட்டுட்டு நாளைக்கு மறுபடி ஏயூசர்ச் போட்டுப் பாருங்க.” போட்டேன். புதிதாக ஒரு வரி இருந்தது. ஹெச்டிடிபிடி_டி என்பவர், ஹெச்டிடிபி_போர்ட்_டி என்கிற போர்ட்டோடு, இணையக் கேட்டார். ‘நேம்_கனெக்ட்’, இலக்கு 443, ஹெச்டிடிபிஎஸ் போர்ட். காம் என்ற இடத்தில் குனிகார்ன், இந்த முறை அடைப்புக்குறி இல்லாமல். நேரத்தைப் பார்த்தால் சர்வீஸ் எழுந்த சில நொடிக்குள்.

எங்கள் அப்ளிகேஷன் வெளியே எங்கும் பேசாது. பேமென்ட் இல்லை, வெளி ஏபிஐ இல்லை. நான் எழுதிய கோடில் வெளியே போகும் அழைப்பு ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் கேட்டது என் புராசஸ். ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் இருந்த நாற்பத்துச் சொச்சம் பேக்கேஜுகளையும் அவை இழுத்து வந்த உறவினர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு சின்ன உதவிப் பேக்கேஜ், புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று எழுந்ததும் ஒருமுறை வெளியே எட்டிப் பார்க்கிறது. பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. எட்டு மாதம் அது போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அழைப்பை நிறுத்த அந்தப் பேக்கேஜில் ஒரு செட்டிங் இருந்தது. நான் போடவில்லை. பூலியனையும் திறக்கவில்லை. இன்றும் அந்த சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஆடிட் லாகில் அந்த வரி ஏறுகிறது. சில சமயம் வேறு ஏதோ தேடப் போகும்போது கண்ணில் படும். எஸ்கான்டெக்ஸ்ட், டிகான்டெக்ஸ்ட், டினைட், 443. ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.